உளி பிடிக்கிறவள்

நாத்தனார் நாக்கு அழுகிப் போகட்டும் என்று நினைத்ததுண்டு. ஒரு தடவையா, ரெண்டு தடவையா? ஆனால் கை போகட்டும் என்று நினைத்தேனா? இல்லை. சத்தியமாக இல்லை.

குத்துக்காலிட்டு உட்கார்ந்தபடி காலையிலிருந்து அவள் இதைத் தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்டவர் யாருமில்லை. கேட்காத கேள்விக்குத்தான் மனசு ஓயாமல் பதில் தேடுகிறது.

முன்னால் குழி. குழி என்று பேர்தான். அரையடி மண்ணை விலக்கினால் கீழே மொத்தமும் பாறை. அந்தப் பாறையில் ஒரு டம்ளர் வாய் அகலத்துக்கு, சாண் ஆழம்கூட வராத துளை. அதற்குள் நாத்தனாரின் உளி நெட்டுக்குத்தலாக நின்றது, முந்தாநாள் கடித்துக்கொண்ட அதே இடத்தில். மேஸ்திரி குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிப் பாறையைக் கழுவச் சொல்லிவிட்டார். பாறை சுத்தமாக இருந்தது. உளியின் நடுவில் பிடிமானத்துக்காகச் சுற்றியிருந்த துணியை யாருக்கும் கழுவத் தோன்றவில்லை. அது நாத்தனாரின் பழைய சேலைக் கிழிசல். பச்சையாக இருந்தது, இப்போது பாதி கறுப்பு.

மேலே சரிவு முழுக்க வேலிக்கான இரும்புக் கால்கள் நூல் பிடித்த வரிசையில் ஏறிப் போயின. கீழே இன்னும் நடாத கால்கள் விறகு மாதிரி குவிந்து கிடந்தன. வேலிக்கு உள்ளே வரப்போவதும் கல்தான், வெளியே நிற்பதும் கல்தான். "எதை எதுகிட்டேர்ந்து காப்பாத்தறதுக்கு இந்த வேலி?" என்று கம்பி இழுக்கிறவர், எல்லோரும் சுருட்டு என்று கூப்பிடுகிறவர், அடிக்கடி கேட்பார். "உள்ள இருக்கற கல்ல, வெளிய இருக்கற நம்மகிட்டேர்ந்து" என்பாள் நாத்தனார். எல்லோரும் சிரிப்பார்கள். இவள் மட்டும் சிரிக்க மாட்டாள். நாத்தனார் பேச்சுக்குச் சிரிப்பதில்லை என்று கல்யாணமான புதிதிலேயே முடிவு கட்டியிருந்தாள். சிரிப்பு வந்தால் தலையைக் குனிந்து, துளையிலிருந்து கல்தூள் வழிக்கிற நீளக் கரண்டியைத் துடைப்பாள்.

தூள் வழிப்பதுதான் இவள் வேலை. துளைக்குள் தண்ணீர் விட வேண்டும், அடி விழ விழ ஊறும் சேற்றை வழித்து எடுக்க வேண்டும். உளியைத் தொட நாத்தனார் விட்டதில்லை. ஒரு தடவை, அவள் தண்ணீர் குடிக்கப் போன சமயம், இவள் உளியைப் பிடித்துப் பார்த்தாள்.

"எடு கைய. இது கரண்டி இல்ல."

"பிடிச்சுப் பாத்தா தேஞ்சா போயிடும், அண்ணி?"

"உளி தேயாது. உன் கை தேஞ்சா பழி எந்தம்பி தலையில விழும். போ, போய்ச் சேறு வழி. அதுக்குத்தான் லாயக்கு."

சுருட்டுக்கும், ஒட்டடைக்குச்சி என்று பட்டப்பேர் வாங்கிய தண்ணீர் சுமக்கிறவளுக்கும் எதிரே வைத்துச் சொன்னாள். அன்றைக்குப் பூராவும் இவளுக்குக் காது சுட்டது.

உளி வேலைக்கு ரெண்டு பேர். ஒருவர் உட்கார்ந்து பிடிக்க வேண்டும், ஒருவர் நின்று சம்மட்டியால் அடிக்க வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் உளியைக் கொஞ்சம் திருப்பாவிட்டால் பாறை கடித்துக்கொள்ளும். திருப்பிவிட்டுப் பிடிக்கிறவர் "போடு" என்பார். அப்புறம்தான் சம்மட்டி இறங்கும். கை யாருடையதோ சொல்லும் அவருடையது. மேஸ்திரி வந்து நின்றாலும், முதலாளியே வந்து நின்றாலும் நடுவில் யாரும் வாய் வைக்கக்கூடாது. யாரும் எழுதி வைக்காத சட்டம் அது. எழுதத் தெரியாதவர்கள் போட்ட சட்டம் என்பதால் இத்தனை காலம் தப்பாமல் நடந்து வந்தது.

அடிக்கிறவன் இவள் புருஷன். பிடிக்கிறவள் அவன் அக்கா. வீட்டில் அக்காளும் தம்பியும் ரெண்டு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசிக்கொள்ள மாட்டார்கள். இங்கே வந்து உட்கார்ந்தால் "போடு", டங். "போடு", டங். அந்த ஒற்றைச் சொல்லில் இருந்த ஒட்டுதல் தன்னிடம் அவனுக்கு எந்தச் சொல்லிலும் இல்லை என்று இவளுக்குப் பட்டதுண்டு. அந்தக் கடுப்பு தனி.

முந்தாநாள் உளி கடித்துக்கொண்டது. இந்தப் பாறைக்கு அது புதிதில்லை. நாத்தனார் ஆட்டிப் பார்த்தாள், அசையவில்லை. எழுந்து முட்டி போட்டு, உளியின் தலையையே உள்ளங்கையால் பொத்திப் பிடித்து முறுக்கினாள். தம்பி சம்மட்டியைத் தோளுக்கு மேல் தூக்கியபடி காத்திருந்தான். மேஸ்திரி காலையிலிருந்தே கால் தரையில் பாவாமல் திரிந்துகொண்டிருந்தார். மேனேஜர் சாயந்திரம் வரிசையைப் பார்க்க வருவதாகப் போன் வந்திருந்தது. வரிசை பாதிச் சரிவில் நின்றுபோயிருந்தது.

"அடிடா! என்னத்தடா பாத்துக்கிட்டு நிக்கிற, சிலை மாதிரி!"

மேஸ்திரி கத்திய வேகத்தில் சம்மட்டி இறங்கிவிட்டது.

அந்தச் சத்தம் டங் என்று கேட்கவில்லை. அதுதான் இவளுக்கு முதலில் தட்டியது. கையில் தண்ணீர்ச் செம்போடு ரெண்டு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தாள். அப்போது என்ன நினைத்துக்கொண்டிருந்தாள் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். காலையில் சோப்புக் கட்டியைத் தண்ணீரில் கரையவிட்டதற்காக நாத்தனார், "உங்கப்பன் வீட்டுல ஆறா ஓடுது சோப்பு?" என்று கேட்டிருந்தாள். அதற்கு என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று ஒவ்வொரு பதிலாகக் கூர்தீட்டிக்கொண்டிருந்தாள். ஒன்று நன்றாகக் கூராக வந்தது. அந்த நேரம்தான்.

நாத்தனார் கத்தவில்லை. கையைத் தூக்கித் தன் முகத்துக்கு எதிரே பிடித்து, வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்தாள். "நான் சொல்லலையேடா" என்றாள் தம்பியிடம். அவ்வளவுதான். அப்புறம் சாய்ந்துவிட்டாள்.

சரிவில் அப்போது இன்னும் ரெண்டு பேர் இருந்தார்கள். சுருட்டு, கம்பிச் சுருளைப் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். ஒட்டடைக்குச்சி, குடத்தை இறக்கிக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். ஊரில் இருக்கிற முதுகெல்லாம் ஒரே நேரத்தில் திரும்பிக்கொண்டன.

நேற்றுச் சாயந்திரம் இவள் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். புருஷன் வரவில்லை. வாசல்வரை வந்து, மருந்துக்கடைப் பக்கம் போனவன் அப்படியே காணாமல் போய்விட்டான். நீளமான வார்டின் கோடியில், ஜன்னல் கண்ணாடி உடைந்த இடத்தில் அட்டை வைத்து அடைத்திருந்த ஓரக் கட்டிலில் நாத்தனார் கிடந்தாள். வலது கை, தலையணை பருமனுக்குக் கட்டுப் போட்டு, கம்பியிலிருந்து தொங்கியது.

"வேடிக்கை பாக்க வந்தியா?"

"ஆமா, டிக்கெட் வாங்கிட்டு வந்தேன்."

இது வாயிலிருந்து தானாக வந்தது. நாத்தனார் உதட்டோரம் ஏதோ அசைந்தது. வலியாகவும் இருக்கலாம்.

கட்டு மாற்ற வந்த நர்ஸ் இவளைத் தனியே அழைத்துப் போய், ஆபரேஷன் செய்தால் மூன்று விரலாவது தேறும், தள்ளிப்போட்டால் மணிக்கட்டோடு எடுக்க வேண்டியிருக்கும் என்றாள். வேலை இடத்தில் நடந்த விபத்து என்று மேனேஜர் ஒரு வார்த்தை சொன்னால் முதலாளி பொறுப்பில் உடனே செய்துவிடுவார்கள். "அவங்க கவனக்குறைவுன்னு சொன்னா, செலவ நீங்கதான் பாத்துக்கணும். சீக்கிரம் யாராவது பேசுங்க" என்றாள்.

திரும்பி வந்தபோது நாத்தனார் இடது கையால் தலைமுடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ரெண்டு நாளாகச் சீவாத தலை. இவள் பின்னால் உட்கார்ந்து சீப்பை வாங்கினாள்.

"மெதுவா. தலையா, தேங்கா நாரா?"

"நாரே தேவலை."

சிக்கு எடுத்து, பின்னி, முனையில் முடிச்சுப் போட்டாள். எத்தனையோ வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் நாத்தனாரின் தலையை இவள் தொட்டது இதுதான் முதல் தடவை. எதிர்பார்த்ததைவிட முடி மெல்லிசாக இருந்தது. பின்கழுத்தில் கல்தூள் இன்னும் வெள்ளையாகப் படிந்திருந்தது.

"நான் தூங்கி விழுந்துட்டேன்னு சொல்றாராமே மேஸ்திரி?" நாத்தனார் சுவரைப் பார்த்துக் கேட்டாள். "ஒட்டடைக்குச்சி வந்தா. அவதான் சொன்னா. நானே 'போடு'ன்னுட்டு, கைய எடுக்காம இருந்தேனாம்."

இவள் சீப்பிலிருந்த முடியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"சொல்லிக்கட்டும். எந்தம்பிக்கு வேலை இருந்தா சரி." தொங்குகிற கையைப் பார்த்து, "கைய எப்ப எடுக்கணும்னு எனக்குத் தெரியாதாம்" என்றாள். குரல் வேறு யாருடையதோபோல் இருந்தது.

"நான் வேணா..."

"உன்கிட்ட நான் ஒண்ணும் கேக்கல. உன்கிட்டப் போய்க் கேப்பேனா? கெளம்பு, கடைசி பஸ் போயிடும்."

கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது. இவள் எழுந்து வந்துவிட்டாள்.

இப்போது மேஸ்திரி சரிவில் மூச்சு வாங்க ஏறி வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் கப்பில் டீ. அதை இவளிடம் நீட்டினார். இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து அவர் இவளை "ஏய் கரண்டி" என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்.

"குடி, தங்கச்சி."

தங்கச்சி. டீயைவிட அந்தச் சொல்தான் அதிகமாகக் கொதித்தது. வாங்கிப் பாறைமேல் வைத்தாள்.

"மேனேஜர் இப்ப வந்துடுவாரு. பெருசா ஒண்ணும் இல்ல. உளி வேலை எப்படி நடக்குதுன்னு பாக்கணும்கறாரு. நீ உங்க அண்ணி உக்காந்த மாதிரி உக்காரு. உளியப் பிடி. 'போடு'ன்னு சொல்லு. உன் வீட்டுக்காரன் ஒரு தட்டுத் தட்டுவான். அவ்வளவுதான்."

"எதுக்கு?"

"பிடிக்கறவங்க சொல்லாம இங்க ஒரு அடிகூட விழாதுன்னு அவருக்குக் காட்டணும். அப்ப அன்னைக்கும் அந்தம்மா சொல்லித்தான் அடி விழுந்திருக்குன்னு அவருக்கே புரிஞ்சுடும். நாம யார் மேலயும் பழி சொல்ல வேணாம் பாரு. நல்ல யோசனைதானே?"

நல்ல யோசனைதான். யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை. சட்டமே சாட்சி சொல்லிவிடும். அந்தச் சட்டத்தை ஒரு நாளும் மீறாதவளுக்கு எதிராக.

"ஏற்கெனவே ஆள் குறைஞ்சு வேலை நிக்குது. இனிமே நீயே பிடி. அண்ணி இடம் உனக்கு. ஒரு படி மேலதானே? இல்லேன்னு வெச்சுக்க," மேஸ்திரி துண்டால் கழுத்தைத் துடைத்தார், "அடிக்கிறவன், பிடிக்கிறவ, வழிக்கிறவன்னு ஒரு குடும்பத்தையே ஒதுக்கிட்டு வேற செட்டு கூட்டியார எனக்கு அரை நாள் ஆவாது. நீங்க தங்கியிருக்கற கொட்டகையையும் காலி பண்ணித் தரணும். சொல்லிட்டேன்."

அவர் நூலைச் சரிபார்க்க நகர்ந்ததும் புருஷன் வந்தான். சம்மட்டியைக் கைத்தடி மாதிரி ஊன்றி நின்றான். முந்தாநாளிலிருந்து அவன் முகத்தைச் சவரமும் செய்யவில்லை, யாரிடமும் நேரே காட்டவும் இல்லை.

"அவர் சொல்றபடி செஞ்சிடு."

"நீ எதைக் கேட்டு அடிச்ச?"

"இப்ப அதையா பேசற?"

"எதைக் கேட்டு அடிச்சன்னு கேட்டேன்."

அவன் சம்மட்டியின் காம்பைத் திருகினான். "நம்ம வயித்துல நாமளே மண்ணள்ளிப் போட்டுக்கணுமா? அக்காவே சொல்லிக்கட்டும்னுதான் சொல்லுது. உனக்கு என்ன? ரெண்டு பேருக்கும் என்னைக்கு ஆச்சு? திடீர்னு என்ன பாசம் பொத்துக்கிட்டு ஊத்துது?"

பாசமா? உள்ளே கையை விட்டுத் துழாவிப் பார்த்தாள். பாசம் மாதிரி எதுவும் அகப்படவில்லை. சோப்புக் கட்டிக்கு இன்னும் கோபம் இருந்தது. அந்தக் கூரான பதில்கூட இன்னும் சொல்லப்படாமல், மழுங்காமல் இருந்தது. அதைக் கேட்பதற்கு நாத்தனார் எழுந்து வர வேண்டும். இரண்டு கையோடும் வர வேண்டும், இடுப்பில் ஊன்றிக்கொண்டு எதிர்ப்பேச்சுப் பேச. அது பாசம் இல்லை. அதற்கு என்ன பேர் என்று தெரியவில்லை.

கீழே மோட்டார் பைக் வந்து நின்றது. மேனேஜர் ஷூ வழுக்காமல் காலைப் பக்கவாட்டில் வைத்து வைத்து ஏறி வந்தார். சின்ன வயசு. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினார். வந்ததும் குழியைப் பார்க்கவில்லை, மேலே ஏறிப்போகிற வரிசையைப் பார்த்தார்.

"இன்னும் இதே எடத்துலதான் நிக்குதா?"

"கை ஆள் இல்ல சார். இன்னையிலேர்ந்து இந்தத் தங்கச்சி பிடிக்குது. இனிமே பறந்துடும்." மேஸ்திரி முன்னால் வந்து நின்றார். "நான் சொன்னேனே சார், பிடிக்கறவங்க 'போடு'ன்னு சொல்லணும். சொன்னாத்தான் சம்மட்டி எறங்கும். எங்க தொழில்ல அதுதான் சட்டம். சொல்லிட்டுக் கைய எடுக்காம உக்காந்திருந்தா யாரு என்ன பண்ண முடியும்? நீங்களே பாருங்க."

"சரி, சீக்கிரம் காட்டுங்க. ஆஸ்பத்திரியிலேர்ந்து ரெண்டு தடவை போன் வந்தாச்சு. நான் அவங்களுக்கு ஒரு பதில் சொல்லணும்."

"ம், உக்காரும்மா" என்றார் மேஸ்திரி.

சுருட்டு கம்பிச் சுருளைப் பார்த்தார். ஒட்டடைக்குச்சி குடத்தைப் பார்த்தாள்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். நாத்தனார் உட்காருகிற இடத்தில், பாறை தேய்ந்து லேசாகப் பள்ளமாகியிருந்த அதே இடத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்து பார்த்தால்தான் தெரிந்தது. இங்கிருந்து சம்மட்டி தெரியாது. அடிக்கிறவனின் முழங்கால் தெரியும், பாதம் தெரியும், அதற்குமேல் வெயில்தான் தெரியும். இத்தனை காலமும் நாத்தனார் ஒரு வார்த்தையை மட்டும் நம்பி இங்கே உட்கார்ந்திருக்கிறாள். எடு கைய, இது கரண்டி இல்ல.

உளியைப் பிடித்தாள். துணியின் காய்ந்த பகுதி சொரசொரவென்று இருந்தது. திருப்பினாள். அசையவில்லை. முந்தாநாள் கடித்த கடியைப் பாறை இன்னும் விடவில்லை.

புருஷனின் பாதங்கள் அகன்று ஊன்றின. சம்மட்டி மேலே போகிற காற்று முகத்தில் பட்டது.

எல்லோரும் காத்திருந்தார்கள்.

"சொல்லும்மா" என்றார் மேஸ்திரி, மெதுவாக.

சரிவின் கீழே எங்கோ லாரி ஒன்று கியர் மாற்றியது. மேனேஜர் மணி பார்த்தார். டீக்கப்பின் விளிம்பில் ஓர் ஈ சுற்றி வந்தது. அவள் உதட்டை ஒட்டவைத்தாற்போல் உட்கார்ந்திருந்தாள்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்லு, தங்கச்சி."

அவள் சொல்லவில்லை. மேலே, தூக்கின சம்மட்டியின் கனத்தில் புருஷனின் முழங்கால் நடுங்கத் தொடங்கியது. அவள் கண்ணுக்கு நேரே, தோலுக்கு அடியில் ஏதோ ஓடுவதுபோல நடுங்கியது.

"எவ்வளவு நேரம் மேஸ்திரி?" என்றார் மேனேஜர்.

"அடிடா!" மேஸ்திரியின் குரல் சரிவு முழுக்கத் தெறித்தது. "என்னத்தடா பாத்துக்கிட்டு நிக்கிற, சிலை மாதிரி!"

சம்மட்டி இறங்கவில்லை. சொல்லி முடித்த பிறகுதான் மேஸ்திரிக்கே அது காதில் விழுந்தது. கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்த துண்டு பாதியில் நின்றது. சுருட்டு கம்பிச் சுருளிலிருந்து கண்ணை எடுத்தார். மேனேஜர் மேஸ்திரியைப் பார்த்தார், உளியைப் பார்த்தார், அப்புறம் நடாமல் கிடக்கிற கால்களைப் பார்த்தார். கொஞ்ச நேரம் அந்தக் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, சரி" என்றார் கடைசியில். "வெயில் ஏறுது. 'போடு'ன்னு சொல்லிடும்மா. ஒரு வார்த்தைதானே? வேலை ஆகட்டும்."

அவள் துணி சுற்றின இடத்திலிருந்து கையை மேலே நகர்த்தினாள். அவசரப்படவில்லை. இரும்பு வெயிலில் காய்ந்து கொதித்தது. உளியின் தலையை உள்ளங்கையால் பொத்திப் பிடித்தாள், நாத்தனார் பிடித்த மாதிரியே. பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

சம்மட்டியின் நிழல் அவள் புறங்கைமேல் விழுந்து, அங்கேயே நின்றது.